பாலியேட்டிவ் ஜீப் வாசலில் நின்றால் பயப்பட வேண்டாம்: எல்லையோரத்திலிருந்து ஒரு மதிப்புரை

களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் ஒரு பஞ்சாயத்தில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சர்ச்சில் இரண்டும். இங்கே பஞ்சாயத்து நடத்தும் பாலியேட்டிவ் வீட்டுச் சேவையை, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து வலி குறைத்துப் பராமரிக்கிற சேவையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மிக்சிக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை கிடைக்கிறது. படுக்கையில் கிடக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு ராத்திரி போனில் தேடுகிறவர்களுக்குத் தமிழில் ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை ஏன் குறைந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் கூப்பிடாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் தெருவில் பேச்சு எப்படியென்றால், பாலியேட்டிவ் ஜீப் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஆளுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று. எங்கள் வார்டு சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி வீட்டுக்கு வந்து பெயர் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது என் மனைவி அழுதுவிட்டாள். சபையில் ஒருவர், நல்ல மனசோடுதான், "தேவன் ஏற்ற காலத்தில் எழுப்பி நடக்க வைப்பார், நீங்க ஏன் அதுக்குள்ள கையை விடுறீங்க" என்று கேட்டார். எனக்கும் தேவனுடைய வேளையில் நம்பிக்கை உண்டு, அது இல்லாமல் இந்த வருஷங்களைக் கடந்திருக்க முடியாது. ஆனால் புண்ணுக்கு மருந்து வைக்கிறவரை வீட்டுக்குள் விடுவதால் அவருடைய காலத்தை நாம் பிடுங்கிக்கொண்டதாக ஆகாது. அவர் கொடுக்கிற நாளை வலியில்லாமல், நாற்றமில்லாமல், மானத்தோடு கழிப்பதற்குத்தான் இந்த ஆட்கள் வருகிறார்கள். கேன்சர் முற்றியவர்களுக்கு மட்டும் என்பதும் தவறு. ஸ்ட்ரோக் வந்தவர்கள், முதுகெலும்பு அடிபட்டவர்கள், வயதாகி எழ முடியாமல் போனவர்கள் என எங்கள் வார்டிலேயே பலவிதமான ஆட்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது ஒரு விடியற்காலையில். ராத்திரி கஞ்சி குடித்து ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தவர், காலையில் கூப்பிட்டால் வாய் கோணியிருக்கிறது, இடது கை தொங்குகிறது. 108-ஐக் கூப்பிட்டு உடனே கொண்டுபோனோம். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி என்று ஒன்று உண்டு, அதை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்ததால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, அதனால் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குளறுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் ஜெபத்தை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தோம், பெயர் வேண்டாம். உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி. ஆனால் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லாமல் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, கறுத்து, நாங்கள் வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்ணாகிவிட்டது. "இனி வீட்டுல வச்சுப் பாருங்க" என்று அனுப்பினார்கள். எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கிணற்று மோட்டார் கெட்டது, மனைவி முந்திரி ஆலை வேலையை விட வேண்டியதாயிற்று, ரப்பர் விலை இறங்கிக் கிடந்தது, ஷீட் அடித்து வைத்தும் விற்க மனசு வரவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. வேறு குடும்பங்களுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், விரிவாகச் சொல்ல என்ன இருக்கிறது.

ஆஷா சேச்சி பெயர் எழுதிக்கொண்டு போன அடுத்த வாரம் சிஸ்டர், அதாவது பாலியேட்டிவ் நர்ஸ், வந்தார். கூடவே ஆஷாவும் டிரைவரும். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கை கழுவ இடம் கேட்டு, நேராகக் கட்டிலுக்குப் போய், "அம்மச்சி, சுகமாணோ?" என்றார். அம்மா "சொகந்தான் மோளே" என்றார். புண்ணோடு படுத்துக்கிடக்கிறவர் சொல்கிற பதில் அது. அதன் பிறகு சிஸ்டர் உடனே புண்ணைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளை, எந்தப் பாட்டு பிடிக்கும் என்றெல்லாம் கேட்டார். அதுவரை அம்மாவைத் தாண்டி எங்களிடமே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரியிலும் சரி, விசாரிக்க வந்தவர்களும் சரி. அம்மாவிடமே கேட்ட முதல் ஆள் இந்த சிஸ்டர்.

புண் கட்டுகிற முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உதவும். அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஒரு டீஸ்பூன் கல் இல்லாத உப்புப் போட்டு, மூடி ஆறவைத்த தண்ணீரில்தான் கழுவினார். டெட்டாலோ ஸ்பிரிட்டோ புண்ணுக்குள் போகக் கூடாது, புதிதாக வளர்கிற சதையை அது எரித்துவிடும் என்றார். பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்ததை இழுக்கவில்லை. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற வைத்து, பேசிக்கொண்டே இருந்து, அதுவாக விடுகிற வரைக்கும் பொறுத்திருந்தார். நாங்கள் அதுவரை இழுத்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம், ஆஸ்பத்திரியில் பார்த்த பழக்கம். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னார், எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதியும் கொடுத்தார். இதை சிஸ்டரோ டாக்டரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சில நாளில் அறையில் நாற்றம் போய்விட்டது. அது போனதும் பேரப்பிள்ளைகள் மறுபடியும் பாட்டி கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். இதற்கு ஒரு மருந்து கடையில் எவ்வளவு என்று கேட்டால் சில ரூபாய்தான், ஆனால் யாராவது வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது ஏர் பெட். இங்கே ஆல்ஃபா பெட் என்றும் சொல்வார்கள். பாலியேட்டிவ் மூலமாக இரவலாகக் கிடைத்தது, நோயாளிக்குத் தேவையில்லாமல் போகும்போது கழுவித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். எங்களுக்கு வந்தது ஏற்கெனவே யாரோ ஒருவர் படுத்திருந்தது. முதலில் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது, பிறகு படுத்துக் கடந்துபோன அந்த முகம் தெரியாத ஆளுக்காகவும் அம்மா ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். மெத்தையில் குமிழ் குமிழாகக் காற்றறைகள். பம்பு கால்மாட்டில் கொக்கி போட்டுத் தொங்கும். ஒரு வரிசைக் குமிழ்கள் ஏற மற்ற வரிசை இறங்கும், சில நிமிஷத்தில் மாறும். உடம்பின் ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காமல் இருக்கத்தான் இது.

கடைக்காரர்கள் சொல்லாத, சிஸ்டர் சொன்ன விஷயங்கள் சில. இதன் மேல் ஒற்றைப் பருத்தி விரிப்பு மட்டும் போட வேண்டும். நாங்கள் குளிரும் என்று நினைத்துக் கம்பளி, அதன் மேல் ரப்பர் ஷீட் என்று அடுக்கியிருந்தால் காற்று ஏறி இறங்குவதே உடம்புக்குத் தெரியாமல் போயிருக்கும். பம்பில் ஒரு திருகு இருக்கிறது, ஆளின் எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை, ஒரு விரற்கடை அளவாவது காற்று நடுவில் இருக்க வேண்டும். குழாய் கட்டில் சட்டத்தில் மாட்டி மடங்கியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் பம்பு நிற்கும், குழாயை மடக்கிக் கட்டிவிட்டால் கொஞ்ச நேரம் காற்று நிற்கும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

மிக முக்கியமானது, ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாந்து. ராத்திரியும்தான். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணையை வைத்து, குதிகால் மட்டும் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மனைவியும் நானும் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டோம். மூன்று மணிக்கு நான் ரப்பர் வெட்டப் போவதற்கு எழுவதால் அந்த முறை எனக்கு. இருட்டில் அம்மாவைப் புரட்டும்போது அவர் விழித்துக்கொண்டு, "மக்ளே, நீ தூங்கவே இல்லையா" என்பார். ஜெபத்துக்கு எனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. புரட்டுகிற நேரமே ஜெப நேரமானது.

எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் ஜெபித்தோம், சபையில் உபவாசமும் இருந்தார்கள். அம்மா நடக்கவில்லை. இன்றுவரை நடக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் இந்த மதிப்புரைக்கு மரியாதை இல்லை. புண் மட்டும் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை ஏறி, மாதக்கணக்கில் மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. தினமும் பார்க்கிற எங்களுக்கு வித்தியாசமே தெரியாது, மாதம் ஒருமுறை வருகிற சிஸ்டர்தான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குறைஞ்ஞு, நல்லோணம் குறைஞ்ஞு" என்பார். கேட்டது கிடைக்கவில்லை, கேட்கத் தெரியாதது கிடைத்தது. அதை நான் தேவனுடைய கையிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறேன்.

இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்று விடிய விடிய மழை, மரத்துக்கு ரெயின் கார்டும் (வெட்டுகிற இடத்தில் மழை படாமல் கட்டுகிற பிளாஸ்டிக்) போடவில்லை, பால் வெட்ட வழியில்லை. ஒரு நாள் வருமானம் போச்சே என்று வயிற்றெரிச்சலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி போல அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, அடிவயிறு கல் மாதிரி. மூத்திர டியூபில் பார்த்தால் பையில் ஒன்றும் இறங்கவில்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது. மழை இல்லாவிட்டால் அந்நேரம் நான் தோட்டத்தில், மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற அவசரத்தில். சிஸ்டருக்குப் போன் போட்டேன். டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, பை வயிற்றை விட உயரத்தில் தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் இல்லை என்றதும், நீங்களாக எதையும் இழுக்கவோ தண்ணீர் ஏற்றவோ வேண்டாம், வருகிறேன் என்றார். அன்று எங்கள் முறையே இல்லை. வேறு வார்டுக்குப் புறப்பட்டுப் போனவருக்கு அங்கே வீடு பூட்டிக்கிடந்ததால் வண்டி இந்தப் பக்கம் திரும்ப முடிந்தது. டியூபை மாற்றியதும் பை நிறைந்தது, அம்மா கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது, அந்த வீடு பூட்டிக்கிடந்ததற்குக் காரணம், அங்கிருந்த பெரியவரை ராத்திரியே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். மழை பெய்ததைச் சொன்னேன், நான் வீட்டில் இருந்ததைச் சொன்னேன், ஆனால் அந்தப் பெரியவரையும் சேர்த்தே சொன்னேன். எங்களுக்கு நல்ல வேளையாக இருந்த அதே காலை இன்னொரு குடும்பத்துக்கு எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேவன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிறார், நான் என் வாசலை மட்டும் பார்க்கிறேன். அந்தப் பெரியவர் திரும்பி வந்தார், இப்போது அவர் வீட்டுக்கும் நான் அவ்வப்போது போய்வருகிறேன்.

இதில் அம்மாவுக்கு என்னை விடத் தெளிவு அதிகம். அம்மா பிறந்தது நெய்யூர் பக்கம். 1956 நவம்பர் 1-ல் எல்லை போட்டபோது கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, அம்மா வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தார். தாத்தாவுக்கு இளவயதில் குடற்புண் முற்றி, சாப்பிட்டால் வாந்தி, ஆள் எலும்பாகிவிட்டார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சோமர்வெல் டாக்டர் காலத்தில் ஆபரேஷன் செய்து பிழைத்தார், அதற்குப் பிறகுதான் கல்யாணம், அதற்குப் பிறகுதான் அம்மா. அந்த டாக்டர் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர், உச்சியைத் தொடாமல் திரும்பியவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். அம்மா சிஸ்டரிடம் இந்தக் கதையை ஒவ்வொரு முறையும் சொல்வார். "மலை அவருக்குக் கெடைக்கல மோளே, எங்க அப்பாவுக்கு அவரு கெடச்சாரு." சிஸ்டரும் முதல் தடவை கேட்பது போலவே கேட்பார்.

இந்தச் சேவை எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்காக: 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்கென்று தொடங்கிய ஒரு சங்கம்தான் வேர். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் பிறகு 2003-ல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவைத் தொடங்கினார், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது, இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம். அதன்படிதான் பஞ்சாயத்துப் பணத்தில் சிஸ்டரும் வண்டியும் வீட்டுக்கு வருகிறது. காசு ஒன்றும் வாங்குவதில்லை. ஜனவரி 15 இங்கே பாலியேட்டிவ் தினம், அந்த சமயத்தில் நோயாளிகளையும் வீட்டாரையும் கூட்டி ஒரு சங்கமம் நடத்துவார்கள். அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம், ஒப்பனை இல்லாமல் வர மாட்டேன் என்று பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்.

இனி அந்த அரை மதிப்பெண். ராத்திரி யாரும் இல்லை. ஞாயிறும் கஷ்டம். ஒரு சிஸ்டருக்கு இத்தனை வீடு என்றால் அவர் என்ன செய்வார், அவரும் மனுஷிதான், இது அவர் குறையே இல்லை, இன்னொரு ஆளைப் போடாதது குறை. பிசியோதெரபி ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது, ஸ்ட்ரோக்கில் ஆரம்ப மாதங்கள்தான் முக்கியம் என்பதால் இது எனக்கு இன்னும் வருத்தம். இந்தத் தாமதத்தைத் தேவனுடைய வேளை என்று நான் சொல்ல மாட்டேன், ஆள் பற்றாக்குறை என்றுதான் சொல்வேன், கிராமசபையில் எழுந்து நின்று சொல்லியும் இருக்கிறேன். பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டும். என் மனைவிக்கு முதுகுவலி வந்ததை சிஸ்டராகத்தான் கவனித்துச் சொன்னார், ஆனால் அதற்கென்று ஒரு ஏற்பாடு கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்துச் சேவை கிடைக்காது, எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். ஆனால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமில்லை, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. மார்த்தாண்டம் பக்கம் அத்தை வீட்டில் மாமாவுக்கு பிசியோ எங்களை விட முறையாக வந்தார்கள், இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இங்கே கேரளப் பக்கம் என்றால் உங்கள் வார்டு ஆஷாவிடம் சொன்னாலே போதும், அல்லது வார்டு மெம்பரிடம், அல்லது குடும்பாரோக்கிய மையத்தில். டிஸ்சார்ஜ் பேப்பர், ரேஷன் கார்டு, ஆதார் இவற்றின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையாளம் வராது என்று தயங்க வேண்டாம், எங்கள் வீட்டில் அம்மா தமிழிலும் சிஸ்டர் மலையாளத்திலும்தான் பேசிக்கொள்கிறார்கள். முதல் முறை சிஸ்டர் வரும்போது எல்லா மாத்திரையையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், சந்தேகங்களைத் தாளில் எழுதி வையுங்கள், வெந்நீரும் சுத்தமான பருத்தித் துணியும் தயாராக இருக்கட்டும். புண் வந்த பிறகு கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே பெயரைக் கொடுங்கள்.